பொது இடத்துச் சிலைகளை அகற்றுவது குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

பொது இடத்தில் நிறுத்தப்பட்ட ஒரு தலைவரின் சிலை ஊராரில் ஒரு பகுதியினருக்குப் பெருமையாகவும் இன்னொரு பகுதியினருக்கு ஆறாத புண்ணாகவும் இருக்கும்போது, அதை அகற்றலாமா, அகற்றலாமெனில் யார் எவ்வழியில் அகற்றுவது, அகற்றியதை எங்கே கொண்டு சேர்ப்பது என்னும் கேள்விகளுக்கு, உடுமலைப்பேட்டை வட்டாரத்தின் வரலாற்றைத் தொகுத்துவரும் இம்மன்றம் தன் நிலைப்பாட்டை இவ்வறிக்கையில் வைக்கிறது. சிலையை அகற்றுவது வரலாற்றை அழிப்பதாகும் என்ற வாதத்தை மன்றம் ஏற்கவில்லை. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை பகிரங்கமாக விவாதித்துத் தீர்மானம் நிறைவேற்றி, சிலையைச் சிதைக்காமல், பகல் வேளையில், அதன் பெயர்ப்பலகையோடு அருங்காட்சியகத்துக்கு மாற்றுவதை மன்றம் ஆதரிக்கிறது. கும்பல் கடப்பாரையால் இடிப்பதையும், அரசு காரணம் சொல்லாமல் இரவோடிரவாகத் தூக்கிச் செல்வதையும் ஒருசேர எதிர்க்கிறது.

மன்றத்துக்கு இந்நிலைப்பாடு, சென்னை அண்ணா சாலையில், அதாவது பழைய மவுண்ட் ரோட்டில், ஐம்பது ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு சிலை அகற்றங்களை ஒப்பிட்டதால் கிடைத்தது.

முதலாவது கர்னல் ஜேம்ஸ் நீலின் சிலை. மதராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற கும்பினிப் படைப்பிரிவின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படைப்பிரிவின், தளபதியாக 1857 எழுச்சியை ஒடுக்கச் சென்ற நீல், அலகாபாத்தைச் சுற்றிய ஊர்களை எரிக்கவும், விசாரணை என்று சொல்லத்தக்க எதுவுமின்றி மனிதர்களைத் தூக்கிலிடவும் ஆணையிட்டவர். கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட வீட்டின் இரத்தக்கறையைச் சிறைப்பட்டவர்களைக் கொண்டு துடைக்கச் செய்து, அதன் பின்பே அவர்களைத் தூக்கிலேற்றியவர். அவர் 1857 செப்டம்பர் 25 அன்று லக்னோவில் கொல்லப்பட்டபின், மேத்யூ நோபிள் என்ற ஆங்கிலேயச் சிற்பி வடித்த வெண்கலச் சிலை மவுண்ட் ரோட்டில் நிறுத்தப்பட்டது. அவ்வழியே நடந்த தமிழர்களுக்கு அது அறுபது ஆண்டுகளுக்கு மேல் அன்றாடக் காட்சியாக இருந்தது.

1927-ஆம் ஆண்டு அந்தச் சிலையை அகற்றக்கோரிச் சத்தியாகிரகம் தொடங்கியது. சத்தியாகிரகம் என்பது அநீதியான ஆணையை வெளிப்படையாக மீறி, அதற்குரிய தண்டனையைத் தானே ஏற்கும் போராட்ட முறை. திருநெல்வேலியைச் சேர்ந்த எஸ்.என். சோமயாஜுலு தலைமையேற்க, தென்மாவட்டங்களிலிருந்து தொண்டர்கள் அணியணியாகச் சென்னைக்கு வந்து கைதாயினர். கடலூர் அஞ்சலையம்மாள் தம் சிறுவயது மகள் அம்மாக்கண்ணுவோடு சிறை சென்றார். அவ்வாண்டு சென்னைக்கு வந்த காந்தியடிகள் போராட்டக்காரர்களைச் சந்தித்ததோடு, அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் சூட்டிப் பின்னர் வார்தாவுக்கு அழைத்துச் சென்றதும் பலரும் அறிந்த செய்தி.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தொண்டர்கள் வெறுங்கையோடு போகவில்லை. சுத்தியலும் கோடரியும் கொண்டு போய்ச் சிலையின் மீது ஓங்கி அடித்தார்கள். கடப்பாரையைக் கண்டிக்கும் மன்றம் இந்தச் சுத்தியலை எப்படி ஏற்கும் என்று கேட்பது நியாயமே. அடித்தவர்கள் முகத்தை மறைக்கவில்லை, ஓடவில்லை, அடித்த இடத்திலேயே நின்று கைதாகி நீதிமன்றத்தில் தம் செயலை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். அதைவிட முக்கியமானது, மக்களுக்கு முழுப் பொறுப்புள்ள அரசு எதுவும் அன்று அவர்களுக்கு இல்லை. மக்களுக்கு முழுப் பொறுப்புள்ள அவை இல்லாத நாட்டின் சுத்தியலையும், நகர்மன்றமும் சட்டமன்றமும் நீதிமன்றமும் திறந்திருக்கும் நாட்டின் கடப்பாரையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க இயலாது. அந்த நிலை மாறியவுடன் முறையும் மாறியதே இதற்குச் சான்று. 1937-இல் இராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை பதவியேற்ற பிறகு, சென்னை மாநகராட்சியின் தீர்மானத்தின்படி சிலை இறக்கப்பட்டு அருங்காட்சியகம் சேர்ந்தது. எழும்பூரிலுள்ள அந்த அருங்காட்சியகத்தில் நீலின் சிலை அழியாமல் காக்கப்பட்டது. சாலையில் அவருக்கு வணக்கம் செலுத்தும் கட்டாயம் மட்டும் யாருக்கும் இல்லை.

அதே நகரில், தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோவின் சிலை 1839 முதல் இடம் பெயராமல் இருக்கிறது. அதுவும் கும்பினியாட்சியின் ஆளுநர் ஒருவரின் சிலைதான், ஆயினும் அதை இறக்கச் சொல்லிப் பெரிய இயக்கம் எதுவும் எழவில்லை. சேலம் பகுதியான பாரமகாலில் கேப்டன் ரீடின் கீழ் நிலவரி வேலை பழகிய மன்றோ, பின்னர் ரயத்துவாரி முறையை, அதாவது இடைத்தரகரான ஜமீன்தாரை விலக்கி உழவரின் பெயரிலேயே நிலத்தைப் பதிந்து அவரிடமே வரி வாங்கும் முறையை, சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் நிலைநிறுத்தியவர். கொங்கு நாட்டு உழவரின் கையிலுள்ள பட்டாவின் வேர் ஒரு பங்கு அங்கே இருக்கிறது. அம்முறையின் வரிச்சுமையால் நொடித்த குடும்பங்களும் உண்டு என்பதால் மன்றோவைப் புகழ்வது இவ்வறிக்கையின் நோக்கமன்று. அந்நியர் என்ற ஒரே காரணத்துக்காக மக்கள் சிலைகளை வெறுக்கவில்லை, செயலை எடைபோட்டே முடிவுக்கு வந்தார்கள் என்பதைக் காட்டவே இது சொல்லப்படுகிறது.

இரண்டாவது அகற்றம் 1987-இல் நடந்தது. திராவிடர் கழகத்தின் முயற்சியால் 1975-இல் அண்ணா சாலையில் நிறுவப்பட்ட கலைஞர் மு. கருணாநிதியின் சிலை, 1987 டிசம்பர் 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். மறைந்ததையடுத்து எழுந்த கலவரத்தில் இடித்து நொறுக்கப்பட்டது. இளைஞர் ஒருவர் அச்சிலையின் நெஞ்சில் கடப்பாரையைப் பாய்ச்சும் ஒளிப்படம் தமிழகத்தின் நினைவில் தங்கிவிட்டது. கருணாநிதியின் அரசியல் மக்களைப் பிரித்ததா, அவர் ஆட்சியின் எந்தச் செயல் எவரைப் புண்படுத்தியது என்ற கேள்வி எதுவும் அந்தக் கடப்பாரையால் எழுப்பப்படவுமில்லை, தீர்க்கப்படவுமில்லை. ஒரு தலைவரை இழந்த துயரம் இன்னொரு தலைவரின் உருவத்தின்மேல் இறங்கியது, அவ்வளவே. 1989-இல் கருணாநிதி மீண்டும் முதலமைச்சரானார். 2022 மே 28 அன்று அதே அண்ணா சாலையில், ஓமந்தூரார் அரசினர் தோட்ட வளாகத்தில், பதினாறு அடி உயரத்தில் அவருக்குப் புதிய சிலை திறக்கப்பட்டது. தீர்மானத்தால் இறங்கிய நீல் திரும்பி வரவில்லை. கடப்பாரையால் இறக்கப்பட்டவர் முன்னினும் உயரமாகத் திரும்பி வந்தார்.

அரசே இரவில் அகற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் கண்ணகி சிலை எடுத்துக்காட்டு. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட அச்சிலை, 2001 டிசம்பரில், லாரி மோதிப் பீடம் பழுதானதைத் தொடர்ந்து அகற்றப்பட்டுத் திரும்ப வைக்கப்படாமல் போனது. விவாதம் இல்லை, தீர்மானம் இல்லை. ஆதலால் ஊர்முழுதும் வதந்தி நிறைந்தது. ஆட்சி மாறிய கையோடு 2006 ஜூனில் சிலை பழைய இடத்துக்கே திரும்பியது. காப்பியத் தலைவியின் சிலைக்கே இக்கதி எனில், உயிரோடு இருக்கும் கட்சிகளின் தலைவர் சிலைகள் ஆட்சிக்கு ஆட்சி ஏறி இறங்கும் நிலை வந்தால் அதன் செலவையும் பகையையும் மக்களே சுமக்க நேரும். இதற்கு மாறாக, நடிகர் சிவாஜி கணேசனின் சிலை போக்குவரத்துக்கு இடையூறு என்று தொடுக்கப்பட்ட வழக்கில் உயர்நீதிமன்றம் காரணங்களைப் பதிவுசெய்து ஆணையிட்டதால், 2017 ஆகஸ்டில் அது அடையாறு மணிமண்டபத்துக்கு மாறியபோது அவருடைய அன்பர்கள் வருந்தினார்களேயன்றி ஊர் பிளவுபடவில்லை.

இனி இந்நிலைப்பாட்டின் கடினமான பகுதி. பிளவை உண்டாக்கும் சிலை என்று எதைச் சொல்வது? ஒரு சிலையைக் கண்டு சிலர் கோபப்படுகிறார்கள் என்பதே அதை அகற்றப் போதுமான காரணமென்றால், தமிழ்நாட்டில் முதலில் இறங்க வேண்டியது அம்பேத்கர் சிலையாகவே இருக்கும். எத்தனையோ ஊர்களில் அவர் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார். ஏப்ரல் 14 அன்று பூட்டைத் திறந்து, கம்பிகளுக்கு நடுவே ஏணி வைத்து ஏறி, மாலை சூட்டி, மாலைக்குள் திரும்பவும் பூட்டிவிட்டுப் போகிறார்கள். சாவி காவல்துறையிடமோ ஊர்ப் பெரியவரிடமோ இருக்கும். சட்டத்தை வகுத்த மனிதரின் உருவத்துக்குச் சட்டத்தின் காவல் போதாமல் கம்பி வேண்டியிருப்பது இந்த மாநிலத்தின் வெட்கம். 2019 ஆகஸ்டு 25 அன்று வேதாரண்யத்தில் அவர் சிலையின் தலையை வெட்டி வீழ்த்தினார்கள், மறுநாள் விடிவதற்குள் அரசு வேறொரு சிலையை அங்கே நிறுத்தியது. 2020 ஜூலையில் கோவை சுந்தராபுரத்தில் பெரியார் சிலைமீது காவிச் சாயம் ஊற்றப்பட்டது. திரிபுராவின் பெலோனியாவில் 2018 மார்ச்சில் லெனின் சிலை புல்டோசரால் சாய்க்கப்பட்ட அலை அடுத்த நாளே தமிழகத்தில் திருப்பத்தூர்ப் பெரியார் சிலைவரை வந்து சேர்ந்ததையும் மறப்பதற்கில்லை.

ஆகவே மன்றம் ஓர் அளவுகோலை முன்வைக்கிறது. ஒரு தலைவர் மக்களுக்குச் செய்த கொடுமையால் எழும் கோபம் வேறு, அவரால் தம் தனிச்சலுகையை இழந்தவர்களுக்கு எழும் கோபம் வேறு. நீல்மீது எழுந்தது முதல் வகை, அம்பேத்கர்மீதும் பெரியார்மீதும் காட்டப்படுவது பெரும்பாலும் இரண்டாம் வகை. முதல் வகைக் கோபத்துக்கு அவை செவிசாய்க்க வேண்டும். இரண்டாம் வகைக் கோபத்துக்கு ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது. எல்லாத் தரப்பையும் சமமாகப் பாவிப்பதாகச் சொல்லி இவ்விரண்டையும் ஒன்றாக்குவது நடுநிலை ஆகாது.

சட்டம் இவ்விஷயத்தில் ஏற்கெனவே பேசியிருக்கிறது. 2013 ஜனவரி 18 அன்று உச்சநீதிமன்றம், சாலை, நடைபாதை முதலிய பொதுப் பயன்பாட்டு இடங்களில் புதிய சிலைகளுக்கு மாநில அரசுகள் அனுமதி தரலாகாது என்று ஆணையிட்டது. 2021 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம், பொது இடங்களிலுள்ள சிலைகளைக் கணக்கெடுத்து, தலைவர்கள் பூங்கா என்ற தனி வளாகத்தில் சேர்த்துப் பராமரிக்க அரசுக்கு வழிகாட்டியது. 2025 செப்டம்பரில், திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூரில் கருணாநிதி சிலை வைக்கக் கோரிய மாநில அரசின் மனுவை உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்து, பொதுப் பணத்தை முன்னாள் தலைவர்களைப் போற்றச் செலவிடுவதைக் கேள்விக்குள்ளாக்கியது. புதிய சிலைகளைக் கட்டுப்படுத்தும் இவ்வாணைகளை மன்றம் முழுமனதோடு வரவேற்கிறது. எல்லாப் பழைய சிலைகளையும் ஒரு பூங்காவில் கூட்டி நிறுத்தும் யோசனையில் மட்டும் மன்றத்துக்குத் தயக்கம் உண்டு. எந்தத் தெருவில் நுழைய முன்னோர் தடுக்கப்பட்டார்களோ அந்தத் தெருமுனையில் நிற்கும் அம்பேத்கர் சிலைக்கு அந்த இடமே பாதிப் பொருள். ஊருக்கு வெளியே வேலி போட்ட பூங்காவுக்குள் அது வெறும் வெண்கலம். போக்குவரத்துக்கு இடையூறான சிலைகளைப் பூங்காவுக்கு மாற்றலாம், மற்றவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வதே முறை.

பெயர்ப்பலகையோடு மாற்ற வேண்டும் என்று மன்றம் வற்புறுத்துவதற்கும் காரணம் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையை 2020 ஜூன் 7 அன்று மக்கள் சாய்த்துத் துறைமுகத்தில் தள்ளினார்கள். அதை நீரிலிருந்து எடுத்த நகராட்சி, மீண்டும் பீடத்தில் ஏற்றாமலும் உருக்காமலும், பூசப்பட்ட சாயத்தைக் கழுவாமல் படுத்த நிலையிலேயே அருங்காட்சியகத்தில் வைத்து, ஊர் மக்களின் கருத்தைக் கேட்டது. சாய்த்த முறையை மன்றம் ஏற்காவிட்டாலும், சாய்ந்தபின் நகராட்சி நடந்துகொண்ட விதம் பின்பற்றத்தக்கது. நிறுவியவர் யார், எந்த ஆண்டு, எதற்காக, அகற்றியவர் யார், ஏன் என்ற ஐந்தும் பலகையில் இருந்தால் வரலாறு எங்கும் போய்விடாது.

உடுமலைப்பேட்டைக்கு இந்த அக்கறை வெளியிலிருந்து வந்ததன்று. தளி பாளையக்காரர் எத்தலப்பர் கும்பினியாரை எதிர்த்து நின்ற செய்தியை வாய்மொழியாகவே தலைமுறைகளாகக் காத்துவந்த வட்டாரம் இது. ஒருவரின் நினைவு பிழைக்கச் சிலை ஒன்றே வழியன்று என்பதை அதனால் அறிந்த வட்டாரமும்கூட. இதே ஊரின் பேருந்து நிலையத்தருகே 2016 மார்ச் 13 அன்று, சாதி கடந்து மணந்த இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பிளவு என்ற சொல் இங்கே ஏட்டுச் சொல்லாக இல்லை. ஒரு பீடத்தின்மேல் கைவைப்பது எங்கே போய் முடியும் என்று இவ்வூர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டது.

எனவே நகராட்சி எல்லைக்குள் பொது இடங்களில் உள்ள சிலைகள் அனைத்தையும், நிறுவிய ஆண்டு, நிறுவியோர், அனுமதி ஆணை ஆகிய விவரங்களோடு பட்டியலிட்டு மக்கள் பார்வைக்கு வைக்குமாறும், எந்தச் சிலையையாவது அகற்றக் கோரிக்கை வந்தால் அதை அறிவிப்புப் பலகையில் அறுபது நாள் ஒட்டிவைத்து, இருதரப்பின் எழுத்துமூலமான கருத்தையும் பெற்ற பிறகே நகர்மன்றத்தின் வெளிப்படையான கூட்டத்தில் விவாதத்துக்கு எடுக்குமாறும், அந்த அறுபது நாளும் அச்சிலைக்குக் காவல் போடுமாறும் உடுமலைப்பேட்டை நகராட்சித் தலைவரையும் உறுப்பினர்களையும் மன்றம் கேட்டுக்கொள்கிறது. பட்டியல் தொகுக்கும் பணியில் மன்றத்தின் உறுப்பினர்கள் ஊதியமின்றி உடனிருப்பார்கள்.