வார்ப்பாலைக்கு ஒரு வார்த்தை

கொதிக்கும் எண்ணெயில் ஒரு சொட்டு நீர் விழுந்தால் அடுக்களையே அலறும். 1,300 டிகிரிக்கு மேல் உருகி நிற்கும் இரும்பின் அடியில் நீர் அகப்பட்டால்? பவுண்டரித் தொழிலாளரின் உயிரன்றோ அங்கே பணயம்!

"இது அவர்களுக்குத் தெரியாததா? நாம் போய்ச் சொல்லவேண்டுமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தெரியும். ஆனால், அனுபவம் சில வேளை ஏமாற்றிவிடும். உருகிய உலோகத்தின்மேல் தெறிக்கும் நீர் பலமுறை வெறுமனே சீறிவிட்டு மறைகிறது. இடையில் நீராவிப் படலம் ஒன்று தோன்றி இரண்டையும் பிரித்து வைப்பதே காரணம். அதைப் பார்த்துப் பழகியவருக்கு அச்சம் போய்விடுகிறது.

ஓர் அதிர்ச்சியில் அப்படலம் குலைந்தால் கதையே வேறு. உலோகத்தைத் தொட்ட நீர் குபீரென்று ஆவியாகிறது. அந்த வேகத்தில் உலோகம் பொடிப்பொடியாகச் சிதறுகிறது. ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள துளி, அதில் நூறில் ஒரு பங்கு குறுக்களவுள்ள துகள்களாக உடைந்தால், துகள்கள் பத்து லட்சம். மேற்பரப்போ நூறு மடங்கு! அத்தனை பரப்பிலிருந்தும் வெப்பம் கண்ணிமைக்கும் முன்னே நீருக்குள் பாய்கிறது. நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். அடைபட்ட இடத்தில் அது எங்கே போகும்? வெடிக்கிறது. ஒரு துளியின் வெடிப்பு அடுத்த துளியின் படலத்தையும் குலைக்கிறது.

உருகிய அணு எரிபொருள் குளிர்விக்கும் திரவத்தில் விழுந்தால் எப்படிச் சிதறும் என்று நம் கல்பாக்கத்தில் ஆராய்கிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் லாங் என்பவர் உருகிய அலுமினியத்தை நீர்த்தொட்டிகளில் ஊற்றிச் சோதித்து, தொட்டியின் அடியில் தார் போன்ற பூச்சு இருந்தால் வெடிப்பைத் தடுக்கலாம் என்று 1957-இல் எழுதினார். காரணம் அறிந்தால் காப்பும் கிடைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இந்த அறிவு கோவைப் பவுண்டரிகளுக்கும் பெங்களூர்த் தொழிற்பேட்டைகளுக்கும் எந்த மொழியில் போய்ச் சேருகிறது? விஞ்ஞானம் பயில இந்நகருக்கு வந்த நாம் ஆங்கிலத்தில் படிக்கிறோம். ஆங்கிலத்திலேயே எழுதிப் பட்டமும் பெறுகிறோம். உலையடியில் நிற்பவரிடம் பேச நமக்குத் தாய்மொழி இல்லையா?

நம் சங்கம் ஒரு சிறு துண்டு வெளியீடு கொண்டுவரட்டும். பழைய இரும்பை நன்றாக உலர்த்தியே உலையில் இடுக. நீர் அடைபட்ட குழாய்த் துண்டையும் டப்பாவையும் ஒதுக்குக. ஊற்றும் கரண்டியை முதலில் காய்ச்சுக. உலைக் குழியில் நீர் தேங்க விடாதீர். இந்த நான்கையும், ஒவ்வொன்றின் காரணத்தையும் எழுதுவோம். தமிழில் எழுதுவோம், பக்கத்தில் நிற்கும் தோழருக்காகக் கன்னடத்திலும் இந்தியிலும் எழுதச் செய்வோம்.

"செய்யாதே" என்னும் கட்டளையை மனிதன் மறந்துவிடுவான். "ஏன்" என்று அறிந்தவன் மறப்பதில்லை. அந்த "ஏன்" நம்மிடம் இருக்கிறது, தோழர்களே. கொண்டுபோய்க் கொடுப்பது நம் கடன்.