அல்ஹம்ரா ஸ்டேட்டஸ் போடுகிறவர்களுக்கு ஒரு நாவல்



ஜனவரி 2ஆம் திகதி வந்தால் முகநூலைத் திறக்க முடியாது. அல்ஹம்ரா மாளிகையின் படம், கீழே "எண்ணூறு வருசம் ஆண்டோம்" என்று ஒரு வரி. கிரனடாவின் கடைசி சுல்தான் அபூ அப்துல்லாஹ் அழுததும், தாய் அவரை ஏசியதும் கட்டாயம் இருக்கும். அந்த ஏச்சு பிற்காலத்தில் கட்டிய கதை என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. லைக் விழும், 'சுப்ஹானல்லாஹ்' விழும். அடுத்த ஜனவரி வரை ஸ்பெயினை மறந்துவிடுவோம்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். 1492 ஜனவரி 3ஆம் திகதி காலையில் கிரனடாவில் எழும்பிய சாதாரண முஸ்லிம் என்ன செய்தார்? கடையைத் திறந்தாரா? பிள்ளையை ஓதப்பள்ளிக்கு அனுப்பினாரா?

நம்முடைய ஸ்டேட்டஸ் முடிகிற இடத்தில்தான் தாரிக் அலியின் நாவல் தொடங்குகிறது. 'ஷேடோஸ் ஒஃப் த பொமகிரனேட் ட்ரீ', மாதுளை மரத்தின் நிழல்கள் என்று பொருள். 1992இல் வெளிவந்தது. ஐந்து நாவல்கள் கொண்ட வரிசையில் முதலாவது. நான் வாசித்தது ஆங்கிலத்தில்.

சரணடைந்தபோது எழுதிய ஒப்பந்தத்தில் மார்க்கம், பள்ளிவாசல், காதி நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் இருந்தது. ஏழு வருடம் போனது. 1499இல் சிஸ்னெரோஸ் என்ற பேராயர் வந்தார். கட்டாய ஞானஸ்நானம் ஆரம்பித்தது. அரபு நூல்களைச் சதுக்கத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். அந்த நெருப்போடுதான் நாவல் ஆரம்பிக்கிறது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை நினைத்து இன்றும் கலங்குகிற எந்தத் தமிழ் வாசகருக்கும் அந்தப் பக்கங்கள் அந்நியமாக இருக்காது.

அதன் பிறகு கதை ஒரு கிராமத்து வீட்டுக்குள் போகிறது. சாச்சா மதம் மாறி பிஷப் ஆகிவிட்டார். மூத்த மகன் வாளைத் தூக்க வேண்டும் என்கிறான். தகப்பனுக்கு நிலத்தை விட்டுப் போக மனமில்லை. கடல் கடந்து மொரோக்கோவுக்குப் போவோம் என்பதும் ஒரு பேச்சு. சின்னவன் யஸீத் சதுரங்கக் காய்களோடு இருக்கிறான். மாறுவதா, போராடுவதா, போய்விடுவதா, பொறுத்துக்கொண்டு இருப்பதா? ஒருவர் சொல்வதையும் முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. முடிவைச் சொல்லமாட்டேன்.

இதைப் பரிந்துரைத்தால் இரண்டு பதில் வருகிறது.

முதலாவது, "நாவல் பொய், நேரம் வீண்." சித்திலெப்பையின் பெயரை மேடைக்கு மேடை சொல்கிறோம். முஸ்லிம் கல்வியின் தந்தை என்கிறோம். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்த அந்த மனிதர், 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்று ஒரு நாவலும் எழுதினார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுவது அதுதான். அவருக்கு நேரத்தின் அருமை தெரியாமலா?

இரண்டாவது, "எழுதியவர் இடதுசாரி, தொழாதவர்." எழுதியவர் தொழுகிறாரா என்று பார்த்துத்தான் வாசிப்பது என்றால் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தையும் மூடவேண்டி வரும். நாவலில் சிறுவர்களுக்குப் பொருந்தாத பகுதிகள் உண்டு, அது உண்மை. நான் தரம் 8 பிள்ளைக்கு கொடுக்கச் சொல்லவில்லை. ஸ்டேட்டஸ் போடுகிற உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஏனென்றால் ஆண்ட கதை நமக்கு உதவாது. நாம் இந்த நாட்டில் சிறுபான்மை. தோற்ற பிறகும் மரியாதையோடு வாழப் பார்த்தவர்களின் கதைதான் நமக்குப் பாடம். அது நம்மிடமே இருக்கிறது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். 1915 இருக்கிறது. 1990 ஒக்டோபர் இருக்கிறது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலங்கள். அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று புத்தளத்தில் படிக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கொர்டோபாவின் நூலகம் தெரியும். உம்மம்மாவின் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று தெரியாது. அல்ஹம்ராவுக்கு அழுவது லேசு, அங்கே யாரும் நம்மிடம் திருப்பிக் கேள்வி கேட்கப் போவதில்லை.

ஆகவே சண்டை பிடிக்க விரும்புகிறவர்கள் கூடவே ஒரு புத்தகத்தின் பெயரையும் எழுதிவிட்டுப் பிடியுங்கள். எனக்கு வேண்டியது வரலாற்று நாவல், ஆனால் குதிரையில் வருகிற வீரன் வேண்டாம். 'பொன்னியின் செல்வன்' வாசித்தாயிற்று, பிடிக்கும், ஆனால் அது அரண்மனையின் கதை. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு' இரண்டும் வாசித்தாயிற்று. அந்த வழியில் வேறு என்ன இருக்கிறது? முக்கியமாக 1626, 1915, 1990 பற்றி நம்மவர்கள் எழுதிய நாவல்கள் இருந்தால் பெயரும் கிடைக்கும் இடமும் சொல்லுங்கள். தமிழில் என்றால் மிக நல்லது. சிங்களத்தில் இருந்தாலும் சொல்லுங்கள்.

பிடிஎஃப் இருக்கா என்று மட்டும் இன்பொக்ஸில் கேட்க வேண்டாம். காசு கொடுத்து வாங்குங்கள்.