பின்சீட் இல்லாத வண்டி

2018 பிப்ரவரியில் தமிழக அரசு, வேலைக்குப் போகும் பெண்கள் இருசக்கர வாகனம் வாங்க மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய். அந்த மானியத்தால் பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்காமல் வேலைக்குப் போய்வர முடிந்த பெண்களை எனக்குத் தெரியும். அதனால் திட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை. அதன் நிபந்தனை ஒன்றைப் பற்றித்தான் பேச வேண்டும். வண்டி 125 சிசிக்கு மிகக் கூடாது; கியர் இல்லாததாகவோ, தானாக கியர் மாறுவதாகவோ இருக்க வேண்டும் என்பதாக அது இருந்தது.

ஏன்? நாகர்கோவிலில் வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தது 1993இல். அத்தனை பெரிய பேருந்தின் கியரை ஒரு பெண் மாற்றிக் காட்டி 25 ஆண்டுகள் ஆன பிறகும், பெண்ணுக்கான வண்டி என்று அரசு நினைக்கும்போது கியர் இல்லாத வண்டிதான் நினைவுக்கு வருகிறது. இதில் சதி ஒன்றும் இல்லை. அதிகாரிகள் யாரும் கூடிப் பேசி இப்படி முடிவெடுத்திருக்க மாட்டார்கள். பேசவே தேவையில்லாத அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக அது இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னால் ஒருவர் உட்காரும்படி செய்யப்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு மூன்று பொருள்களைக் கட்டாயமாக்குகின்றன. கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு. உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்கத் தடுப்பு. நாம் அதை ‘சாரி கார்டு’ என்கிறோம். விதியில் பெண் என்ற சொல் இல்லை. ஆனால் யாருடைய உடையை மனதில் வைத்து அந்த விதி எழுதப்பட்டது என்று கேட்க வேண்டியதில்லை. உயிரைக் காக்கும் விதி அது, இருக்கட்டும். பெண் எங்கே உட்காருவாள் என்று இந்தச் சமூகம் நம்புகிறதோ, அந்த நம்பிக்கை இரும்பில் வளைத்துச் செய்யப்பட்டு ஒவ்வொரு வண்டியிலும் திருகி மாட்டப்பட்டிருக்கிறது.

தமிழ் படித்தவளுக்கு இது புதிதல்ல. எதன்மேல் யார் ஏறலாம் என்பதற்கு நம்மிடம் இலக்கணமே உண்டு. காதல் கைகூடாத தலைவன் பனங்கருக்கில் செய்த குதிரைமேல் ஏறி ஊர்த்தெருவில் வருவது மடலேறுதல். பெண் மடலேறுவது எந்தத் திணையிலும் முறையில்லை என்று தொல்காப்பியம் விலக்கியது. வள்ளுவர் அந்த விலக்கையே பெருமையாக்கினார். கடல் போன்ற காமத்தில் உழன்றாலும் மடலேறாமல் இருப்பதுதான் பெண்ணின் சிறப்பு என்றார். முதலில் தடை, பிறகு அந்தத் தடைக்கு ஒரு பாராட்டு. ‘உனக்கு எதுக்கும்மா கியர் வண்டி, ஸ்கூட்டிதான் சேஃப்டி’ என்பதும் இதே வரிசையில் வருகிறது. திருமங்கையாழ்வார் தன் இரு திருமடல்களில் பெண் குரலில் பேசி, மடலேறியே தீருவேன் என்று அந்த இலக்கணத்தை மீறினார். மீறுவதற்கும் ஓர் ஆண் கவிஞர் பெண் வேடம் போட வேண்டியிருந்தது.

பின்சீட்டே இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. ட்ரையல்ஸ் வண்டி. வேகப் பந்தயத்துக்கு நேர் எதிரான விளையாட்டு அதனுடையது. பாறை, ஓடை, வேர், சரிவு, சேறு இவற்றின் மேல் குறிக்கப்பட்ட சிறு தூரத்தைக் கால் தரையில் படாமல் கடக்க வேண்டும். ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி, இருமுறைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று, விழுந்தாலோ பாதியில் நின்றாலோ ஐந்து. குறைந்த புள்ளி வாங்கியவரே வெல்வார். ஓட்டுபவர் உட்காருவதில்லை, ஃபுட்ரெஸ்ட்டில் நின்றபடி கிளட்சை விரல் நுனியால் அளந்து விட்டு, நடை வேகத்துக்கும் குறைவாக ஏறுவார். முரட்டு பலம் அங்கே செல்லாது. நிதானமும் சமநிலையும் வேண்டும், இன்ஜினின் மூச்சைக் கேட்கும் காதும் வேண்டும்.

அந்த விளையாட்டில் பெண்கள் நேற்று நுழைந்தவர்கள் அல்ல. 1927இல் இங்கிலாந்தில் நடந்த சர்வதேச ஆறுநாள் ட்ரையலில் மார்ஜரி காட்டில், ஈடித் ஃபோலி, லூயி மெக்லீன் என்ற மூன்று பெண்களின் அணி, ஆண்களின் அணிகளோடு போட்டியிட்டு வெள்ளிக் கோப்பையை வென்றது. அது நடந்து ஏறக்குறைய நூறு வருடம் ஆகிறது. கட்டலோனியாவின் லாயா சான்ஸ், 2000இல் தொடங்கிய பெண்கள் ட்ரையல்ஸ் உலகப் பட்டத்தைப் பலமுறை வென்றவர். டக்கார் பாலைவனப் பந்தயத்திலும் ஓட்டினார். அவருக்குப் பின் 2014இலிருந்து எம்மா பிரிஸ்டோ. வண்டிகளும் மாறின. பழைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் கனமானவை. 1965இல் சாமி மில்லர் இலகுவான புல்டாகோ ஷெர்பாவில் ஸ்காட்லாந்து ஆறுநாள் ட்ரையலை வென்ற பிறகு காலம் திரும்பியது. இன்றைய ட்ரையல்ஸ் வண்டி சுமார் 70 கிலோ, சீட் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

நம் ஊருக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ராயல் என்ஃபீல்டு புல்லட் சென்னை திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது 1956இல். அதே புல்லட்டில்தான் ஜானி பிரிட்டன் 1952லும் 1957லும் அந்த ஸ்காட்லாந்து ட்ரையலை வென்றார். அவர் நினைவாக 2019இல் ‘புல்லட் ட்ரையல்ஸ்’ என்ற வண்டி சென்னையிலிருந்து வந்தது. உயர்த்திய சைலன்சர், ஒற்றை சீட், பின்னால் சாமான் கட்டக் கம்பிக் கேரியர். கொஞ்ச காலம்தான் விற்பனையில் இருந்தது. பின்சீட் இல்லாமலும் தமிழ்நாட்டில் வண்டி செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

என்னிடம் இருப்பது 1986ஆம் வருடத்து புல்லட் 350. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மணலூர்பேட்டையில் தை மாதம் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வந்து போன பிறகு தென்பெண்ணை மெல்ல வற்றிவிடும். கோடையில் மணலும் கூழாங்கல்லும்தான் ஆறு. அந்த மணலில் முதல் கியரில் கால் ஊன்றாமல் ஓட்டிப் பழகுவது என் ஞாயிற்றுக்கிழமை. லீவில் சங்கராபுரம் வழியாகக் கல்வராயன் மலை ஏறுவேன். வெள்ளிமலைக்கு அப்பால் தார்ச்சாலை முடியும் இடங்களில், மரவள்ளிக்கிழங்கு மூட்டை கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல்கள் கல்லும் மேடுமான தடங்களில் ஏறுவதைப் பார்க்கிறேன். ஐரோப்பாவில் அதற்குக் கோப்பை தருகிறார்கள். இங்கே அது பிழைப்பு. நான் பார்த்தவரை அந்த வண்டிகளின் கைப்பிடி ஆண்களிடமே இருக்கிறது. பெண்கள் மூட்டைக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே இடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். ஏற்றத்தில் வண்டி திணறினால் முதலில் இறக்கிவிடப்படுபவளும் பெண்தான். மூட்டை இறங்காது.

‘இத்தாம் பெரிய வண்டிய பொம்பள எப்படி உதைச்சி ஸ்டார்ட் பண்றது?’ நான் அதிகம் கேட்ட கேள்வி இது. பதில் அந்த வண்டியிலேயே இருக்கிறது. பழைய புல்லட்டின் ஹெட்லைட் மூடியில் ஒரு அம்மீட்டர் உண்டு. சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அழுத்தினால் முள் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சியைத் தொட்டது என்று அர்த்தம். அப்போது இடது கைப்பக்கம் உள்ள சின்ன டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்தால் சிலிண்டரின் அழுத்தம் வெளியேறும். கிக்கரைக் கொஞ்சம் நகர்த்தி லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுதாக ஒரு மிதி. அவ்வளவுதான். நாற்பது தாண்டிய, 52 கிலோ எடையுள்ள என்னால் முடிகிறது. உதைப்பதற்குத் தொடை பலம் வேண்டும் என்பது, இந்த நாலு அசைவைச் சொல்லித் தராதவர்கள் பரப்பிய கதை. தொழில்நுட்பத்தை மறைத்து வைத்துக்கொண்டு அதற்கு ஆண்மை என்று பெயர் சூட்டினார்கள்.

ஓட்டுவது பாதிதான். மீதிப் பாதி பட்டறையில் இருக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் இன்று ஆயிரக்கணக்கில் உண்டு. அதன் ப்ளக் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கியர் இல்லாத ஸ்கூட்டரை உடம்பு முழுக்க பிளாஸ்டிக் போர்த்தித்தான் செய்கிறார்கள். கழற்றிப் பார்க்காதே என்று அதன் வடிவமே சொல்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால், ‘சாரை வரச் சொல்லுங்கம்மா, அவர்ட்ட சொல்லிக்கிறேன்’ என்கிறார்கள். எனக்கே சொன்னார்கள், கையில் ஸ்பேனரோடு நின்றிருந்தபோது. ரிப்பேருக்கு ஒரு ஆணின் தயவு வேண்டுமென்றால் அந்த வண்டி தரும் விடுதலை வாடகை விடுதலை. வண்டி நின்ற அன்று அவளும் நின்றுபோவாள்.

இத்தனைக்கும் பெண்களுக்கும் இயந்திரத்துக்கும் ஆகாது என்று யாரும் நம்பவில்லை. அரசே இலவசத் தையல் மெஷின் தருகிறது. ஊசி முறிந்தால், பாபினில் நூல் சிக்கினால், பெல்ட் தளர்ந்தால் அதைச் சரிசெய்வது யார்? எண்ணெய் விட்டு, நூலின் இழுவையைத் திருகி, காதால் கேட்டே கோளாறு சொல்லும் பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் மெக்கானிக் என்பதில்லை. வீட்டுக்குள் அசையாமல் நிற்கும் இயந்திரம் பெண்ணுடையது, வீட்டைவிட்டு நகரும் இயந்திரம் ஆணுடையது. பிரிவினை இயந்திரத்தில் இல்லை, நகர்வில் இருக்கிறது.

பழைய புல்லட்டைப் பராமரிப்பது தையல் மெஷினைவிடக் கடினமும் அல்ல. பாயின்ட் இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசி நுழைய வேண்டும். டேப்பெட்டை இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். தண்டு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால் வண்டி தன் உடல்நிலையைச் சொல்லிவிடும். காப்பித்தூள் நிறம் என்றால் நலம், கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. என் மாணவிகள் இதை ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டார்கள். யாப்பிலக்கணம் நடத்த எனக்கு ஒரு பருவம் ஆகிறது.

பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1934இல் புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் நார்ட்டன் வண்டியில் மணிக்கு நூறு மைலுக்கு மேல் சுற்றி ‘கோல்டு ஸ்டார்’ வாங்கியவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் சட்டென்று மூக்கைத் தாழ்த்தினால் கார்புரேட்டரில் பெட்ரோல் வெள்ளமாகி இன்ஜின் திணறும். 1941இல் ஷில்லிங் அதற்குத் தந்த தீர்வு, பெட்ரோல் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும், நடுவில் ஓட்டை உள்ள சின்னஞ்சிறு உலோகத் துண்டு. கைகளில் கிரீஸ் படிந்தவருக்குத் தோன்றும் தீர்வு அது. எத்தனை ஷில்லிங்குகளை நாம் பிளாஸ்டிக் மூடிக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம்?

மோட்டார் சைக்கிள் நடுத்தர வர்க்கத்தின் ஆடம்பரம், பெண்ணுக்கு இதைவிட முக்கியமான பிரச்சினைகள் உண்டு என்று சொல்லும் தோழிகள் இருக்கிறார்கள். புதுக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1991இல் அறிவொளி இயக்கம், ஷீலாராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத் தந்தது. கல்குவாரியில் உழைத்த பெண்கள்கூட ஓட்டினார்கள். கேலியும் ஆபாசப் பேச்சும் எழுந்தன. சாய்நாத் அதைப் பதிவுசெய்தபோது குறித்த ஒரு விவரம் முக்கியமானது: பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளை வாங்கிய பெண்களில் சிலர் அதையே விரும்பினார்கள், நடுக்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால். பெண்ணுக்கு ஏற்றது எது என்று பெண்களே முடிவெடுத்தபோது கம்பி தடையாக இல்லை, இருக்கையானது.

வண்டி வெறும் வண்டி அல்ல என்பது ஆதிக்கத்தில் இருப்பவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டியதற்காக ஒரு தலித் மாணவரின் கைகளை வெட்டினார்கள் என்ற புகாரில் மூன்று பேர் கைதானார்கள். கைப்பிடியைப் பிடிக்கும் கைகள்மேல் அத்தனை கோபம். சாதியும் ஆணாதிக்கமும் ஒரே விஷயத்துக்குப் பயப்படுகின்றன: யார் எங்கே, எவ்வளவு நிமிர்ந்து, யார் அனுமதியும் கேட்காமல் போகிறார்கள் என்பதற்கு. இதை ஆடம்பரம் என்று நாம் ஒதுக்கினால் அவர்களுக்குத்தான் வசதி.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகர் பக்கத்தில் வந்ததால் மலைப் பெண்ணுக்குத் தூரம் குறைந்துவிடவில்லை. கடைசி பஸ்ஸைக் கணக்கிட்டு மூன்றாவது பீரியடிலேயே கடிகாரம் பார்க்கும் மாணவிகள் என் வகுப்பில் உண்டு. வீட்டில் வண்டி நிற்கும். ‘அண்ணன் தரமாட்டான் மேடம்’ என்பாள்.

அதனால் கேட்பதைத் தெளிவாகவே கேட்போம். அடுத்த மானியம் வரும்போது கியர் வண்டிக்கும் கொடுங்கள், தேர்வை எங்களிடம் விடுங்கள். கல்லூரி மாணவிகளுக்குக் கியர் வண்டி உரிமத்துக்கான பயிற்சியை வளாகத்திலேயே நடத்துங்கள். ஒவ்வொரு பெண்கள் கல்லூரியிலும் ஒரு ஷெட், ஒரு பழைய வண்டி, ஒரு செட் ஸ்பேனர் வேண்டும். ஒரு பேச்சுப்போட்டிக் கோப்பைகளுக்கு ஆகும் செலவில் முடிந்துவிடும். ஐடிஐ மோட்டார் மெக்கானிக் பிரிவில் சேரும் பெண்களுக்கு உதவித்தொகை கொடுங்கள். இத்தனையும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று நம் கையில் உண்டு. வீட்டில் நிற்கும் வண்டியின் ப்ளக்கை இந்த வாரமே கழற்றிப் பாருங்கள். என்ன நிறம் என்று உங்கள் தங்கைக்கும் காட்டுங்கள். அண்ணன் ஏதாவது கேட்டால், வண்டிக்குப் பெட்ரோல் அதிகம் போகிறது, கார்புரேட்டரைத் திருத்த வேண்டும் என்று சொல்லுங்கள். அவனுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.