காப்புறுதி கட்டடத்துக்கா, கட்டுகிறவனுக்கா?



பொங்கல் முடிந்த மறுவாரம் அட்டனிலும் பதுளையிலும் கொழும்பு பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பாருங்கள். நாம் சாதாரண தரம் படிப்பித்த பிள்ளைகள்தான் முதுகில் ஒரு பையோடு நிற்கிறார்கள். தோட்டச் சம்பளம் போதாமல் கட்டட வேலைக்குப் போகிறார்கள். போவதை நாம் குறை சொல்லவில்லை. எந்தப் பாதுகாப்போடு போகிறார்கள் என்றே கேட்கிறோம்.

எமது தோட்டத்து இளைஞர் ஒருவர் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். அவரை வேலைக்குக் கூட்டிப்போன சப் கொந்தராத்துக்காரர் பெட்டிக்கும் வாகனத்துக்கும் பணம் கட்டினார். எட்டுச் செலவுக்கு என்று ஒரு கவரை நீட்டி, மனைவியிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். நாம் கேட்டபோது, "சைட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, அவங்க பார்த்துக்குவாங்க" என்றார். ஒருவரும் பார்க்கவில்லை.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த இன்சூரன்ஸ் யாருக்கு என்பதை அவர் சொல்லவில்லை.

பெரிய கட்டட வேலைக்கு எடுக்கப்படுவது ஒப்பந்தக்காரரின் சகல இடர் காப்புறுதி. கட்டிக்கொண்டிருக்கும் சுவர் தீயில், வெள்ளத்தில், மண்சரிவில் சேதமானாலும், சீமெந்தும் கம்பியும் களவு போனாலும் அது ஈடு செய்யும். அதன் இன்னொரு பகுதி வெளியாருக்கானது. வீதியில் போகிறவர் தலையில் கல் விழுந்தால், பக்கத்து வீட்டு மதில் வெடித்தால் அதற்குக் கொடுக்கும். அங்கே வேலை செய்கிற தொழிலாளியின் காயமும் மரணமும் வழக்கமாக அதில் அடங்காது. அதற்கு வேலையாட்கள் நட்டஈட்டுக் காப்புறுதி என்று வேறொன்று எடுக்க வேண்டும். சீமெந்து மூட்டைக்கு ஒரு பத்திரம், அதைச் சுமக்கிறவனுக்கு இன்னொரு பத்திரம். முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைப்பதே இந்த ஏமாற்று.

காசு இல்லை என்றும் சொல்ல முடியாது. பெரிய ஒப்பந்தங்களில் காப்புறுதிச் செலவையும் சேர்த்தே வேலைக்கு விலை போடுகிறார்கள். கட்டட உரிமையாளர் கொடுக்கும் பணத்தில் அதுவும் இருக்கிறது. ஆனால் தொழிலாளர் காப்புறுதியின் கட்டணம், காட்டுகிற சம்பளக் கணக்கைப் பொறுத்தது. நாற்பது பேரை ஏற்றிவிட்டுப் பதினைந்து பேரைக் கணக்கில் காட்டினால் கட்டணம் குறையும். மிச்சப்படுகிற காசு அவர்கள் பைக்குப் போகிறது. விடுபட்ட இருபத்தைந்து பேர் யார்? பெயர் எழுதாமல் நாள் கூலிக்கு ஏற்றப்பட்ட எமது பிள்ளைகள்.

காப்புறுதி எடுக்காததால் முதலாளியின் கடமை தீர்ந்துவிடாது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வேலையால் வந்த விபத்துக்கு நட்டஈடு கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டுமென்றில்லை, வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே. சப் கொந்தராத்துக்காரர் காணாமல் போனால், வேலையை அவருக்குக் கொடுத்த பிரதான ஒப்பந்தக்காரரிடம் கேட்கலாம். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் தாள் செல்லாது. மரணத்துக்கான நட்டஈட்டை ஆணையாளரிடமே கட்ட வேண்டும். வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் கவர் நட்டஈடு ஆகாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதிகபட்சத் தொகையை 5 இலட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. கிடைக்கும் தொகை சம்பளத்தையும் பாதிப்பையும் பொறுத்தது. ஆகவே சம்பளத்துக்கு அத்தாட்சி வேண்டும்.

இதையெல்லாம் அந்தத் தங்கைக்கு நாம் எடுத்துச் சொன்னபோது மாதங்கள் கடந்திருந்தன. பார்த்த சாட்சிகள் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள். இதில் எமக்கும் பங்குண்டு. தோட்டத்தில் பெயர் உள்ளவரிடம் மாதாமாதம் சந்தா பிடிக்கத் தெரிந்த தொழிற்சங்கங்கள், பஸ் ஏறிப் போனவனைத் தொழிலாளியாகவே எண்ணவில்லை. அவனும் எமது தொழிலாளிதான். இந்த வழக்கம் மாற வேண்டும்.

எனவே பஸ் ஏறுவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள். கூட்டிப்போகிறவரின் முழுப் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வீட்டில் எழுதி வையுங்கள். சைட் பெயர்ப்பலகையைப் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். வேலை செய்த நாளையும் வாங்கிய காசையும் கொப்பியில் குறியுங்கள். "தொழிலாளர் காப்புறுதி இருக்கிறதா, என் பெயர் அதில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

விபத்து நடந்தால் பொலிசில் முறைப்பாடு பதியுங்கள், ஆஸ்பத்திரித் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். பார்த்தவர்களின் பெயர்களை அன்றே எழுதுங்கள். எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். தாமதிக்காமல் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் வாருங்கள். ஆணையாளருக்கான விண்ணப்பத்தை எழுதுவது எமது வேலை.

ஒப்பந்தக்காரர்களுக்கு எமது கோரிக்கை ஒன்றுதான்: சைட்டில் ஏற்றும் ஒவ்வொருவரின் பெயரையும் காப்புறுதிக் கணக்கில் எழுதுங்கள். கட்டடத்துக்கு விலை போடத் தெரிந்த உங்களுக்கு இதுவும் தெரியும்.