கொடுத்தவர் போனால் கடனும் போகுமா?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, செம்பூர் நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு சந்தேகம் கேட்டார். பெயரைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு எழுதச் சம்மதித்திருக்கிறார். நம்மில் பலருக்கும் இதே சங்கடம் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

1994இல் அவர் இங்கே ஒரு சால் வீட்டில் அறை எடுத்தார். பகடிக்கு 15,000 ரூபாய் குறைந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்த தாய்மாமன் அத்தையின் சங்கிலியை அடகு வைத்து அந்தப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "கையில வரும்போது குடு மருமகனே" என்றாராம். சீட்டு எழுதவில்லை, சாட்சியும் இல்லை. பிள்ளைகளின் படிப்பு, தங்கையின் கல்யாணம் என்று ஆண்டுகள் ஓடின. அடகு வைத்த சங்கிலி மூழ்கிப் போனது. 2003இல் மாமா காலமானார். பதினாறாம் நாள் காரியத்தில் அத்தையிடம் சொல்லிவிடலாம் என்றுதான் நண்பர் போயிருந்தார். வீடு நிறையக் கூட்டம். சொல்லாமலே நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் திரும்பிவிட்டார்.

"கொடுத்தவரே இல்லை, கேட்பவரும் யாரும் இல்லை. அந்தக் கடன் இன்னும் இருக்கிறதா சார்?" இதுதான் அவருடைய கேள்வி.

இருக்கிறது என்பதே என் பதில்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ஒருவருக்கு வர வேண்டிய பணமும் அவருடைய சொத்துதான். வீடும் நிலமும் போல அதுவும் வாரிசுகளுக்குப் போகிறது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆண் ஒருவருக்கு, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவி, மகன், மகள், தாயார் ஆகியோர் சம பங்குக்கு உரியவர்கள். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களில் பங்கு வேறுபடும்; கடன் வாரிசுகளுக்குப் போவது மட்டும் அங்கேயும் உண்டு. ஆக, மாமா போனதும் நண்பருக்குக் கடன்காரர் ஒருவர் குறைந்துவிடவில்லை. அத்தையும் அவருடைய இரண்டு பெண்களுமாக மூன்று பேர் ஆகிவிட்டார்கள்!

ஆனால் கோர்ட்டுக்குப் போய் வசூலிக்க முடியுமா என்பது வேறு விஷயம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இப்படிப்பட்ட கைமாற்றுக்கு மூன்று ஆண்டுதான் தருகிறது. "கேட்கும்போது கொடு" என்று சொல்லிக் கொடுத்த பணத்துக்கும் கெடு கொடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. இது பலருக்குத் தெரியாது. கெடு முடியுமுன் "உங்களுக்கு இவ்வளவு தர வேண்டும்" என்று கையெழுத்திட்ட ஒரு கடிதம் இருந்தால், அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு மறுபடி தொடங்கும். நண்பர் அப்படி எதுவும் எழுதவில்லை. எனவே 1997லேயே வழக்குப் போடும் வழி அடைபட்டுவிட்டது. அடைபட்டது வழக்கு மட்டுமே, கடன் அழியவில்லை. கெடு கடந்த கடனைத் திருப்பித் தருகிறேன் என்று இன்றைக்கு எழுதிக் கையெழுத்திட்டாலும் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும். சட்டமே கதவை முழுதாகச் சாத்தவில்லை.

"குடும்பத்துக்குள் கொடுத்தது கடனா? உதவிதானே?" என்று சிலர் கேட்பார்கள். கொடுத்தவர் "திருப்பித் தர வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அது உதவி, ஒப்புக்கொள்கிறேன். மாமா அப்படிச் சொல்லவில்லை. "கையில வரும்போது குடு" என்றார். அதற்குப் பிறகு அவர் வாய் திறந்து கேட்காதது அவருடைய பெருந்தன்மை. அதைத் தள்ளுபடி என்று நாமாக எழுதிக்கொள்வது நியாயமில்லை.

இதில் எனக்கு வியப்பளிப்பது நம் மொய் நோட்டுதான். 1985இல் நம் வீட்டுக் கல்யாணத்தில் யார் 51 எழுதினார், யார் 101 எழுதினார் என்ற நோட்டு தாராவியிலும் முலுண்டிலும் இன்னும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. எழுதியவர் இறந்து போனாலும் அவர் பேரன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தால் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் செய்கிறோம். "ஆள் இல்லையே, எதற்குச் செய்ய வேண்டும்" என்று ஒருவரும் கேட்பதில்லை. ஊர் அறிய வாங்கிய 101 ரூபாய் தலைமுறை தாண்டுகிறது. அடுப்படியில் ரகசியமாக வாங்கிய 15,000 ஒரு சாவோடு மறைந்துவிடுகிறது. இதற்குக் காரணம் ஊர் பார்க்கவில்லை என்பதைத் தவிர வேறு என்ன?

அதேபோல் அப்பா பட்ட கடனை மகன் அடைக்க வேண்டும் என்ற தர்மம் நமக்கு உண்டு. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஏற்பட்ட கடன்களுக்குச் சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. ஆனாலும் இன்றும் அடைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வாங்கியவர் போனால் இருக்கிற கூச்சம், கொடுத்தவர் போனால் ஏன் இல்லை?

கொடுப்பது என்று முடிவான பின் யாரிடம் கொடுப்பது? மூத்த மகன் கையில் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று வருவதுதான் நம்மவர் வழக்கம். பெண்களுக்குத் தகவலே போகாது. அது தவறு. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு. கடன் வசூலுக்கென்று கோர்ட் தரும் சக்சஷன் சர்டிபிகேட் வேறு. வாரிசுகளுக்குள் தகராறு இருந்தால் பின்னதைப் பார்த்துக் கொடுப்பதே கொடுப்பவருக்குப் பாதுகாப்பு. தகராறு இல்லாத வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கொடுத்து, எல்லோரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினால் போதும்.

எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் நண்பர் திணறினார். 15,000 போதுமா? வங்கி வட்டி சேர்க்கலாமா? 1994இல் 10 கிராம் தங்கம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. 2024இல் அது 70,000ஐத் தாண்டியது. அன்று போனது ரூபாய் நோட்டு அல்ல, அத்தையின் கழுத்துச் சங்கிலி. அதன் எடையைக் கேட்டு, அந்த எடைக்குத் தங்கமாகவே கொடுங்கள் என்றேன். சட்டம் இப்படிச் சொல்லவில்லை. இது என் சொந்த அபிப்பிராயம். அதிகம் என்று நினைப்பவர்கள் எனக்கு எழுதலாம்.

நண்பர் போன ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குப் போன் செய்தார். "நீயாச் சொல்லுவேன்னு தெரியும் மருமகனே, இவ்வளவு நாள் ஆகும்னுதான் தெரியல" என்றாராம் அத்தை. சங்கிலி ஆறு பவுன் என்கிறார் அவர். சின்னப் பெண் ஐந்தரை என்கிறாள். பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருக்கிறார் நண்பர்.