'உட்கொள்ளவும்' என்னும் ஏவல் யாருக்கு?

மார்பகப் புற்றுநோய் குறித்துத் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, அக்டோபர் மாதம்தோறும் இளஞ்சிவப்பு நாடாவுடன் வெளிவரும் விழிப்புணர்வுக் கட்டுரை. கட்டி தென்பட்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள், அஞ்சாதீர்கள் என்பதோடு அது முடிந்துவிடும். மற்றது, நோயை வென்று மீண்ட வீராங்கனையின் கதை. கட்டி கண்டறியப்பட்ட நாளுக்கும் அந்த வெற்றி நாளுக்கும் நடுவில் ஒரு பெண் கடக்க வேண்டிய நீண்ட மாதங்கள் இவ்விரு வகை எழுத்திலும் இடம்பெறுவதில்லை. அந்த மாதங்களில் அவளைப் பெரிதும் ஆட்டிப்படைப்பது அசதி. அந்த அசதியையும், அதைத் தணிக்கும் பொருட்டு அவளுக்குப் புகட்டப்படும் 'உணவுக் கல்வி' எனப்படுவதையும் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம். அக்கல்வி தவறான ஆளுக்குச் சொல்லப்படுகிறது என்பது நமது வாதம்.

அசதி, அயர்வு, களைப்பு, சோர்வு, தளர்ச்சி என்று நம் மொழியில் சொற்களுக்குக் குறைவில்லை. களைப்பு உழைப்பின் பின்னே வருவது. உறங்கி எழுந்தால் நீங்கிவிடுவது. புற்றுநோயாளியின் அசதி அத்தகையதன்று. செய்த வேலைக்கும் அதற்கும் பொருத்தம் இராது. ஓய்வெடுத்தாலும் நீங்காது. உடலோடு மனத்தையும் நினைவாற்றலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மருத்துவ வழிகாட்டு நெறிகள் இதைத் தனியொரு துன்பமாகவே வரையறுத்திருக்கின்றன. மூன்று வாரத்துக்கொரு முறை கீமோ ஏற்றிக்கொள்ளும் பெண்ணுக்கு, மருந்து ஏறியதை அடுத்த சில நாள்களில் அது உச்சத்தைத் தொடும். 'கரண்ட் வைக்கிறார்கள்' என்று மக்கள் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையிலோ வாரம் செல்லச் செல்ல ஏறிக்கொண்டே போகும். சிகிச்சையெல்லாம் முடிந்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், தங்கிவிடுவதும் உண்டு. இதற்கு நம் வீடுகளில் வழங்கும் பெயர்கள் வேறு: சோம்பல், மனக்கோழைத்தனம், 'நோயை நினைத்து நினைத்தே படுத்துவிட்டாள்'.

இது அரிதாகச் சிலருக்கு நேரும் துயரமன்று. 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் அவ்வாண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இந்தியப் பெண்களிடையே முதலிடத்தில் இருக்கும் புற்றுநோய் இதுவே. இதனுடன் இன்னோர் எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதாவது, நோய் வருவதற்கு முன்பே பாதிப் பெண்கள் சோகை பிடித்த உடலோடுதான் இருக்கிறார்கள். கீமோ மருந்துகளோ எலும்பு மச்சையைத் தாக்கி இரத்த அணுக்களின் உற்பத்தியை மேலும் குறைக்கின்றன. அசதிக்குக் காரணங்கள் பல. சோகை, உறக்கக் கேடு, மனச்சோர்வு, தைராய்டு குறைவு, உடலின் அழற்சி, தசை இழப்பு, ஹார்மோன் மருந்துகள் என அவற்றை அடுக்கலாம். இவற்றுள் சோகையும் தசை இழப்பும் நேராக அடுக்களையோடு தொடர்புடையவை.

சில ஆண்டுகளுக்கு முன், உடன் பணியாற்றும் பேராசிரியை ஒருவருக்குத் துணையாக மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, நோயாளிகளுக்கு வழங்கப்படும் துண்டுத்தாள் ஒன்றைப் படிக்க நேர்ந்தது. 'புரதச்சத்து மிகுந்த உணவை உட்கொள்ளவும். சரிவிகித உணவு முறையைப் பின்பற்றவும். போதிய ஓய்வு எடுத்துக்கொள்ளவும்.' இலக்கணம் கற்பிப்பவர்களுக்கு இந்த '-வும்' ஈற்று வாக்கியங்களின் மீது ஓர் ஐயம் எப்போதும் உண்டு. முன்னால் நிற்பவர் யாரென்று காட்டாமலே ஏவும் வாக்கியங்கள் அவை. 'கதவை மூடவும்' என்று எழுதி ஒட்டினால் யார் மூடுவது? ஒருவரும் மூடமாட்டார்கள், அல்லது எப்போதும் மூடுகிறவரே மூடுவார். 'உட்கொள்ளவும்' என்பதும் அப்படித்தான். உட்கொள்ள வேண்டியவள் நோயாளி. சரி, வாங்கி வருபவர் யார்? சமைப்பவர் யார்? எடுத்து வைப்பவர் யார்? அந்தத் தாள் இதற்கெல்லாம் ஒரே விடையை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டிருக்கிறது. நோயாளியே!

நம் வீடுகளில் உண்ணும் வரிசையை அறியாதவர் இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளை, அலுவலகத்துக்குப் போகும் கணவன், வீட்டிலிருக்கும் பெரியவர்கள், கடைசியாகச் சமைத்தவள். முட்டை நான்கு இருந்து ஆள்கள் ஐவர் இருந்தால், இல்லாமற்போவது யாருக்கென்று கணக்குப் போட வேண்டியதில்லை. அடிக்குழம்பும் ஆறிய சோறும் அவளுடைய பங்கு. மார்பில் அறுவை நடந்த பின்னும் இந்த வரிசை மாறுவதில்லை என்பதே நாம் கண்டது. கீமோ ஏற்றிக்கொண்டு வந்த நான்காம் நாள், குமட்டல் சற்றுத் தணிந்ததும் அவள் அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறாள். தாளிக்கும் வாடையே வயிற்றைப் புரட்டும் ஒருத்தியை ஐந்து பேருக்குத் தாளிக்க விட்டுவிட்டு, அவளிடம் 'புரதச்சத்து மிகுந்த உணவை உட்கொள்ளவும்' என்று ஒரு தாளை நீட்டுவதற்குக் கல்வி என்று பெயரிட நமக்கு மனம் வரவில்லை.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையை வகுப்பில் எடுத்துக்கொண்டால், அந்த அடுக்களையின் இருட்டையும் அதற்குள் பெண்கள் தேடிக்கொள்ளும் அதிகாரத்தையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். பெண்ணுடல் குறித்துச் சிற்றிதழ்களில் நாம் நடத்திய விவாதங்களுக்கும் கணக்கில்லை. அந்த உடலுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம் வேண்டும் என்ற கேள்வி மட்டும் இலக்கியத்துக்கு அப்பாற்பட்டதாகப் போய்விட்டது. ஆகவே அதையும் இங்கே பேசிவிடுவோம்.

புற்றுநோயாளிகளுக்கான ஐரோப்பிய ஊட்டவியல் வழிகாட்டுதல், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல், இயன்றால் ஒன்றரை கிராம் வரை நாளொன்றுக்குப் புரதம் வேண்டும் என்கிறது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 55 முதல் 80 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நோயாளிக்கு நாம் அன்போடு கொடுப்பது என்ன? கஞ்சி. ஒரு தம்ளர் அரிசிக் கஞ்சியில் இருப்பது இரண்டு, மூன்று கிராம். மூன்று வேளையும் கஞ்சியும் ரசம் சாதமும் இரண்டு இட்லியும் என்றால் தேவையின் பாதியைக்கூட எட்ட முடியாது. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ 6 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 9 அல்லது 10 கிராம். 100 கிராம் மீனில் 18 கிராமுக்குக் குறையாது. எதுவும் சீமைச் சரக்கன்று. எல்லாம் தெருமுனைக் கடையில் கிடைப்பவை. சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அதை மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனால் 'புரதச்சத்து' என்ற சொல்லைச் சுண்டலாகவும் முட்டையாகவும் மொழிபெயர்த்துச் சொல்ல மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை.

'நன்றாகச் சாப்பிடு' என்ற பொத்தாம்பொதுவான அறிவுரையும் உதவாது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்களில் பலர் இளைப்பதில்லை, எடை கூடுகிறார்கள். கூடுவது கொழுப்பு, குறைவது தசை. இனிப்பிட்ட சத்துமாவுப் பானங்களை வேளைக்கொன்றாகக் கரைத்துக் கொடுத்து, 'உடம்பு தேறிவிட்டது' என்று உறவினர் மகிழ்ந்துகொண்டிருக்க, மாடிப்படி ஏற முடியாமல் அவள் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். பார்ப்பவர் கண்ணுக்குப் பருமன். உள்ளுக்குள் தசையற்ற தளர்ச்சி. இதை அவளுடைய சோம்பலாகக் கொள்வது அறியாமை.

இனி, பத்தியம். அறுவைப் புண் ஆறும்வரை முட்டை கூடாது, மீன் கூடாது, கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான், நிலக்கடலை பித்தம், தயிர் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் தட்டில் மிஞ்சுவது வெறும் சோறு. புண் ஆறுவதற்கே புரதம்தான் வேண்டும் என்பதை இந்தப் பத்தியக்காரர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய பத்தியத்தோடு இப்போது வாட்ஸ்அப் பத்தியமும் சேர்ந்துகொண்டது. சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினியால் செத்துவிடுமாம். முள்சீத்தாப் பழம் கீமோவைவிட வலியதாம். உடலின் எல்லா உயிரணுக்களும் குளுக்கோஸைக் கொண்டே இயங்குகின்றன. உணவை நிறுத்தினால் முதலில் கரைவது அவளுடைய தசை. முள்சீத்தாவைப் பொறுத்தவரை, கரீபியன் தீவான குவாதலூப்பில் அதன் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் மிகுதியாக உட்கொண்டவர்களிடையே பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு காணப்பட்டதாக 1999இலேயே 'லான்செட்' இதழில் ஆய்வு வெளிவந்தது. அற்புத மருந்து விற்பவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உணவு புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நாம் சொல்லவில்லை. அசதியைத் தணிக்கும் என்பதற்கான சான்றுகளும் இன்னும் சிறியவையே. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஒரு முன்னோட்ட ஆய்வில், சிகிச்சை முடிந்தும் அசதி நீங்காத 30 பெண்கள் பங்கேற்றனர். காய், கனி, முழுத்தானியம், ஒமேகா-3 கொழுப்பு நிறைந்த உணவுகள் ஆகியவற்றை உண்ண மூன்று மாதம் வழிகாட்டப்பட்டவர்களின் அசதி சராசரியாக 44 விழுக்காடு குறைந்தது. பொதுவான உடல்நல அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு 8 விழுக்காடு. முப்பது பேரைக் கொண்டு உலகுக்கு விதி வகுக்க முடியாது. உடற்பயிற்சிக்கான சான்று இதைவிட வலுவானது. அதே ஆண்டில் 113 ஆய்வுகளைத் தொகுத்து 'ஜாமா ஆன்காலஜி' இதழ் வெளியிட்ட பகுப்பாய்வு, உடற்பயிற்சியும் உளவியல் ஆதரவும் அசதியைக் குறைப்பதில் மருந்துகளை விஞ்சுகின்றன என்று காட்டியது. எனவே 'படுத்தே இரு' என்பதும் தவறு; நடக்க வேண்டும். நடப்பதற்குத் தசை வேண்டும். தசைக்கு உணவு வேண்டும். மாலையில் அரைமணி நேரம் நடக்க வேண்டுமென்றால், அந்த அரைமணி நேரம் அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சுற்றிச் சுற்றி நாம் வந்து சேர்வது அந்த வீட்டுக்கே.

இதற்கு ஒரு மறுப்பு எழும். 'ஏழைக் குடும்பத்தின் மீது பழி போடுகிறீர்கள். வாங்க வழியில்லாத இடத்தில் வரிசையை மாற்றி என்ன பயன்?' மறுப்பில் நியாயம் உண்டு. அதனால்தான் அறிவுரையோடு நிற்கக்கூடாது என்கிறோம். காசநோயாளிகளுக்கு ஊட்ட உணவுக்கென மாதம் 500 ரூபாய் தரும் திட்டத்தை ஒன்றிய அரசு 2018இல் தொடங்கி, 2024இல் 1,000 ரூபாயாக உயர்த்தியது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளிவந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு, நோயாளிக்கு மட்டுமின்றிக் குடும்பத்தாருக்கும் உணவுப் பொருள் கொடுத்து, அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. காசநோயும் புற்றுநோயும் ஒன்றல்ல. எனினும், நோயாளியின் தட்டு வீட்டாரின் தட்டிலிருந்து தனித்து நிற்பதில்லை என்ற பாடம் இரண்டுக்கும் பொது. நான்கு முட்டையும் ஐந்து ஆளும் உள்ள வீட்டில் நோயாளிக்கு மட்டும் ஒரு முட்டையை எழுதிக்கொடுத்தால், அதைத் தன் பிள்ளைக்கு ஊட்டாத தாய் எத்தனை பேர்? கேட்டால் அதற்கும் தாய்மை என்று பெயர் வைத்துப் பாட்டெழுதுவோம். அந்தத் தாய்மையைப் போற்றிய எழுத்துகளுக்கும் அவளுடைய சோகையில் பங்குண்டு.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. உணவைப் பற்றியே மிகுதியும் பேசும் அந்த அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு பகுதியாகப் பிரிக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர். அந்த நான்காமவரை நம் உணவுக் கல்வி அடியோடு மறந்துவிட்டது. மருத்துவமனைக்கு அவர் வந்துதான் இருக்கிறார். மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு, காப்பீட்டு அட்டையின் நகலைத் தேடிக்கொண்டு, வெளி இருக்கையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். கணவராகவோ மகனாகவோ மாமியாராகவோ நாத்தனாராகவோ இருக்கும் அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்து, பத்து நிமிடம் பேசுங்கள் என்பதே நமது கோரிக்கை. கீமோ முடிந்த வாரத்தில் யார் சமைப்பது என்று கேளுங்கள். அவள் முதல் பந்தியில் உண்ண வேண்டும் என்று சொல்லுங்கள். பசியில்லாதபோது இரண்டு மணி நேரத்துக்கொரு முறை சிறிது சிறிதாகக் கொடுக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு தேநீர் கொடுத்தால் இரும்புச்சத்து உடலில் சேராது; கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் சேரும் என்று விளக்குங்கள். இவற்றைச் சொல்ல ஊட்டவியலாளர் ஒவ்வொரு புற்றுநோய்ப் பிரிவிலும் இருக்க வேண்டும். அவர் பேசும் தமிழ் நோயாளியின் வீட்டுத் தமிழாக இருக்க வேண்டும்.

தமிழ் கற்றவர்களுக்கும் இதில் செய்ய வேலை உண்டு. அரசு மருத்துவமனைகளில் வழங்கப்படும் தாள்களைத் திருத்தி எழுத நம் துறைகள் முன்வரலாம். முதுகலை மாணவர்களுக்கு அதையே ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம். அப்படி எழுதப்படும் தாளில் 'உட்கொள்ளவும்' என்ற சொல் வேண்டாம். 'ஐயா, இந்த வாரம் அடுப்பை நீங்கள் பாருங்கள். முதல் தட்டை அவருக்குப் போடுங்கள். அதில் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ இருக்கட்டும். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்' என்று அது தொடங்கட்டும்.