ஒரே ஒரு கோல் அடித்தவர்

இங்கிலாந்து பிரீமியர் லீகில் செல்சி அணிக்காக 249 ஆட்டங்கள். அடித்த கோல்? ஒன்றே ஒன்று! நைஜீரியாவின் ஜான் ஓபி மிகேல் பற்றிப் பேச்சு வந்தாலே இந்தக் கணக்கைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. இன்னொரு கூட்டம், "நல்ல ஆட்டக்காரனைப் பயிற்சியாளர் மொரின்யோ கெடுத்துவிட்டார்" என்று பரிதாபப்படும். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை.

பரிதாபப்படுபவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2005-ல் நெதர்லாந்தில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து மெஸ்ஸிக்குக் கிடைத்தது. அடுத்த இடத்துக்கான வெள்ளிப் பந்து யாருக்குத் தெரியுமா? மிகேலுக்கு! அப்போது அவர் தாக்குதலை முன்னின்று நடத்துபவர். அவருக்காக மான்செஸ்டர் யுனைடெட்டும் செல்சியும் மல்லுக்கட்டின. கடைசியில் 2006-ல் செல்சி மொத்தம் 1 கோடியே 60 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை எடுத்துக்கொண்டது.

அங்கே மொரின்யோ அவரைத் தடுப்பாட்டக்காரர்களுக்குச் சற்று முன்னால் நிறுத்தினார். எதிரணியின் பாஸ் போகும் வழியை மறிக்க வேண்டும். பந்து கிடைத்ததும் பதறாமல் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் முன்னேறும்போது தான் பின்தங்கிக் காவல் நிற்க வேண்டும். இந்த வேலையைச் சரியாகச் செய்தால் யார் கண்ணிலும் படாது. தவறு செய்தால் மட்டும் ஊரே பார்க்கும்!

2012 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் மியூனிக்கில், எதிரணியான பயர்னின் சொந்த மைதானத்திலேயே நடந்தது. ட்ரோக்பா 88-வது நிமிடத்தில் தலையால் முட்டிய கோலும், பெனால்டிகளில் கிடைத்த வெற்றியும் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் அன்று பயர்ன் அலையலையாக வந்தபோது 120 நிமிடமும் நடுக்களத்தில் நின்றவர்களில் ஒருவர் மிகேல். அதை எந்தக் கோல் பட்டியலில் தேடுவது?

அவரது தாக்குதல் திறமை செத்துப்போகவும் இல்லை. நைஜீரியாவுக்கு ஆடும்போது முன்னேறி ஆடினார். 2013-ல் அந்த அணி 19 ஆண்டுகளுக்குப் பிறகு ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. அந்த ஆண்டின் சிறந்த ஆப்பிரிக்க வீரர் தேர்வில் யாயா தூரேவுக்கு அடுத்த இடம் மிகேலுக்கு. அந்த ஒற்றை லீக் கோலும் அதே ஆண்டு செப்டம்பரில் புல்ஹாம் அணிக்கு எதிராக வந்ததுதான். அப்போது பயிற்சியாளர் யார்? திரும்பி வந்திருந்த அதே மொரின்யோ!

2018 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுடனான ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு, நைஜீரியாவில் தன் தந்தை கடத்தப்பட்ட செய்தி மிகேலுக்கு வந்தது. வெளியில் சொன்னால் அவரைக் கொன்றுவிடுவதாக மிரட்டல். வெளியில் மூச்சு விடாமல் அணித் தலைவராகக் களமிறங்கி முழு ஆட்டமும் ஆடினார். நைஜீரியா 2-1 என்று தோற்று வெளியேறியது. சில நாள் கழித்து போலீசார் தந்தையை மீட்டனர். இதை வீரம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அப்படி ஒரு நாள் யாருக்கும் வரக்கூடாது. ஆனால் அன்று அவர் எதைச் சுமந்துகொண்டு ஆடினார் என்பது பார்த்த ஒருவருக்கும் தெரியவில்லை.

2022-ல் அவர் ஓய்வு பெற்றார். மெஸ்ஸி ஆகியிருக்கலாமே என்று இன்னும் சிலர் அங்கலாய்க்கிறார்கள். என்னைக் கேட்டால், பதினொரு பேரும் கோல் அடிக்க ஓடினால் அது அணியே அல்ல. ஓடாமல் நிற்க ஒருவர் சம்மதிக்க வேண்டும். ஓடத் தெரிந்தவரே அதற்குச் சம்மதித்தார் என்பதுதான் மிகேலின் பெருமை.